பட்டம் இங்கே, ஆய்வு அங்கே: மூன்று நல்கைகள்

தமிழ்நாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு, அதே ஆய்வின் ஒரு பகுதியை மட்டும் வெளிநாட்டில் செய்துவர விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று நல்கைகளுக்கு இடையில் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நல்கை, ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் இருநாட்டு நெறியாளர் நல்கை, பிரிட்டனுக்கான காமன்வெல்த் ஸ்பிளிட்-சைட் உதவித்தொகை ஆகியவையே அவை. மாதம் எவ்வளவு கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். மூன்றுமே பயணச் செலவையும் தங்கிப் படிக்கும் செலவையும் ஏற்பதால், அந்தக் கேள்வியை வைத்து முடிவெடுப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து. எத்தனை மாதம் கிடைக்கிறது, ஆய்வேடு அப்போது எந்தக் கட்டத்தில் இருக்கும் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபுல்பிரைட்-நேரு ஆறு முதல் ஒன்பது மாதங்களுக்குக் கிடைப்பது. அறிவியல் மாணவருக்கு இது தோன்றுவதைவிடக் குறுகிய காலம். பாதுகாப்புப் பயிற்சி, நுழைவு அட்டை, கருவியைத் தனியாக இயக்க அனுமதி என்று தொடக்க வாரங்கள் கரைந்துவிடும். சோதனையைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர் தரவு கைக்கு வரும் வேளையில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். தரவைச் சேர்த்து முடித்து, குறிப்பிட்ட ஒரு பேராசிரியருடன் அமர்ந்து பகுத்தாய வேண்டியவருக்கும், நூலகத்தை நம்பிய ஆய்வுக்கும் இதே காலம் தாராளமானது. 1962 முதல், இந்தியாவுக்குத் தானியம் விற்றுப் பெற்ற ரூபாயில் அமெரிக்கா நூல் வாங்கிய பி.எல். 480 திட்டத்தின் வழியாக இந்திய மொழி நூல்கள் அமெரிக்க நூலகங்களுக்கு ஆண்டுதோறும் சென்றன. அப்படிச் சேர்ந்த தமிழ் நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம்.

டி.ஏ.ஏ.டி. நல்கை இருபத்துநான்கு மாதங்கள் வரை நீளக்கூடியது. இங்கே ஒரு நெறியாளர், அங்கே ஒரு நெறியாளர் என்று இருவரும் ஆய்வைச் சேர்ந்து வழிநடத்துவதால், ஆய்வின் தொடக்கத்திலேயே இருப்பவருக்கு மூன்றில் இதையே நான் முதலில் சொல்வேன். தமிழியல் மாணவருக்கு இதில் தனிப் பயனும் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் காலம் முதல் அங்குள்ள மிஷனிலிருந்து சென்ற கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலே நகரின் ஃபிராங்கே அறநிறுவனத்தில் இருக்கின்றன. அக்கடிதங்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ளன. இன்றைய ஜெர்மன் தெரிந்தவர்க்கே ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க நாள் பிடிக்கும். ஒன்பது மாதத்தில் முடிகிற காரியம் அன்று அது.

காமன்வெல்த் உதவித்தொகை பன்னிரண்டு மாதங்களுக்கானது. பட்டத்தை இந்தியப் பல்கலைக்கழகமே வழங்கும். வளர்ச்சி சார்ந்த சில கருப்பொருள்களுக்குள் ஆய்வு அடங்க வேண்டும் என்பது இதன் முக்கியமான நிபந்தனை. பொதுச் சுகாதாரம், வேளாண்மை, நீர் மேலாண்மை போன்ற துறையினருக்கு அது தடையே இல்லை. இலக்கிய, வரலாற்று மாணவர்கள் தங்கள் தலைப்பை அதற்காக வளைத்து எழுதுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்; வளைத்த தலைப்பு நேர்காணலிலோ ஆய்வேட்டிலோ எங்கேனும் ஓரிடத்தில் ஒட்டாமல் போய்விடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. காலனிய இந்திய நிர்வாகத்தை லண்டனிலிருந்து கவனித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன; அவற்றுக்காகவே லண்டன் செல்ல நினைப்பவர் முதலில் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒரு மாதமாவது உட்கார வேண்டும். சென்னை மாகாண அரசின் நடவடிக்கைக் குறிப்புகள் படியெடுக்கப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டதால், தேடிப் போகும் கட்டு பல நேரம் இங்கேயே கிடைத்துவிடும்.

திரும்பி வந்தபின் தொடரும் கட்டுப்பாடுகளையும் கையெழுத்திடும் முன்பே படிக்க வேண்டும். ஃபுல்பிரைட் மாணவர் கல்விப் பரிமாற்றத்துக்கான ஜே-1 விசாவில் செல்வதால், இரண்டு ஆண்டுகளைச் சொந்த நாட்டில் கழித்த பிறகே எச், எல் வகை வேலை விசாக்களையோ நிரந்தரக் குடியேற்ற அனுமதியையோ பெற முடியும். இங்கேயே கற்பிக்க விரும்புபவருக்கு இது ஒரு பொருட்டன்று. பட்டம் முடிந்ததும் அமெரிக்க நிறுவனத்தில் வேலை தேட எண்ணுபவர் இதை ஒரு முறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். காமன்வெல்த் நல்கையிலும் நாடு திரும்புவதாக ஒப்புக்கொண்டே செல்கிறோம். இந்தியாவில் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெறுபவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மாதங்களில் அத்தொகை தொடருமா என்பதைத் தங்கள் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எதைத் தேர்ந்தாலும் விண்ணப்பத்தின் உயிர், அங்குள்ள பேராசிரியர் தரும் அழைப்புக் கடிதத்தில்தான் இருக்கிறது. நான் முதன்முறை விண்ணப்பித்தபோது, கோடை விடுமுறையில் இருந்த பேராசிரியரின் கடிதம் கடைசி நாளுக்கு மறுநாள் வந்து சேர்ந்ததால் ஓர் ஆண்டை இழந்தேன். அடுத்த ஆண்டு அவருக்கு நான்கு மாதம் முன்னதாகவே எழுதினேன். 'வரலாம்' என்று இரண்டு வரியில் முடிந்த முதல் கடிதத்துக்கு மாறாக, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எந்தச் சுவடித் தொகுப்பை, யாருடைய மேற்பார்வையில் பார்ப்பேன் என்பதெல்லாம் இரண்டாம் கடிதத்தில் தெளிவாக இருந்தன. நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி அந்தக் கடிதத்திலிருந்தே வந்தன.