பள்ளி ஆசிரியருக்கு பப்மெட் எந்த அளவு பயன்படும்?

திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பாடநூலோடு நின்றுவிடுவதில்லை. தாயும் தந்தையும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துத் திரும்பும்வரை வீட்டில் தனியாக இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஏன் பேச்சைக் குறைத்துக்கொண்டது, பள்ளியில் போடும் தடுப்பூசியால் தீங்கு வருமா, மனதை ஒருமுகப்படுத்தும் வகுப்புக்குத் தனிக் கட்டணம் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு, வாட்ஸ்அப்பில் வந்ததைவிட உறுதியான ஒன்றைச் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு. அதற்காக நான் தொடர்ந்து பயன்படுத்திவரும், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் இணையச் சேவை பப்மெட். மருத்துவம் படிக்காத ஓர் ஆசிரியரின் நோக்கில் அதை இங்கு மதிப்பிடுகிறேன்.

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இச்சேவை 1997 முதல் பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. 3.7 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுப் பதிவுகளை அதில் தேடலாம். பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை, விளம்பரமும் இல்லை. பொதுவாகக் கிடைப்பது ஆய்வின் சுருக்கம் மட்டுமே. முழுக் கட்டுரையும் இலவசமாக உள்ளவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி இருக்கிறது.

இதன் பயனை எனக்கு முழுமையாக உணர்த்தியது பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் நடந்த ‘சேஹர்’ ஆய்வு. அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்து, ஒன்றில் வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட, மனநலத்தில் பட்டம் பெறாத ஆலோசகர்களையும், இன்னொன்றில் அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களையும் கொண்டு ஒரே நலத்திட்டத்தை நடத்தி, மூன்றாவதை வழக்கமான நிலையிலேயே விட்டு ஒப்பிட்டார்கள். 2018இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் வம்புக்கு இழுக்கும் போக்கும் குறைந்தன. ஆசிரியர்களே நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. பாடம், தேர்வு, பதிவேடு ஆகியவற்றுக்கு நடுவே ஆலோசனைப் பொறுப்பையும் ஆசிரியர் தலையிலேயே வைக்கும் பள்ளி நிர்வாகங்கள் படிக்க வேண்டிய முடிவு இது. அதே ஆய்வின் தொடர்ச்சி 2020இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. அதன் முழுப் பிரதியை யாரும் இலவசமாகப் படிக்கலாம். பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று திருப்பூர்ப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள் என்பதால், அந்த முடிவை எங்கோ நடந்த ஒன்றாக என்னால் ஒதுக்க முடியவில்லை.

சுருக்கத்தை மட்டும் மேலோட்டமாகப் படித்துவிட்டு முடிவுக்கு வருவதில் ஆபத்தும் உண்டு. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடந்த ‘மிரியட்’ ஆய்வு, ஆசிரியர்கள் நடத்திய மனக்கவன (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சியால் கூடுதல் நன்மை இல்லை என்று 2022இல் தெரிவித்தது. அவசரமாகப் படிப்பவர், பிள்ளைகளின் மனநலத்துக்குப் பள்ளி எதைச் செய்தாலும் வீண் என்று எண்ணிவிடக்கூடும். ஆனால் ஒப்பிடப்பட்ட பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை. உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் கற்றுத்தரும் வழக்கமான கல்வி அங்கு நடந்துகொண்டுதான் இருந்தது. எதனோடு எதை ஒப்பிட்டார்கள் என்று பார்க்காமல் எந்த முடிவையும் பெற்றோரிடம் கொண்டுபோகக் கூடாது.

தேடும்போது கவனிக்க வேண்டிய ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 13 முதல் 18 வயதினர் பற்றிய ஆய்வுகளை மட்டும் காட்டும் வடிகட்டி நமக்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். அது, நூலகம் தன் பொருள் அட்டவணைச் சொற்களை இட்டு வகைப்படுத்திய பதிவுகளைத்தான் எடுத்துத் தரும். அந்த வகைப்படுத்தலுக்குள் வராத இதழ்களின் கட்டுரைகளும், அண்மையில் சேர்ந்து இன்னும் வகைப்படுத்தப்படாத கட்டுரைகளும் விடுபட்டுப்போகும்; நம் நாட்டு இதழ்கள் பலவற்றின் ஆய்வுகளை இப்படித்தான் இழக்கிறோம். ஆகவே வடிகட்டியை நம்பாமல், வளரிளம் பருவம், மாணவர், பள்ளி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தேடலிலேயே சேர்ப்பது நல்லது. கோயம்புத்தூர் என்று தேடினால் கோவைக் கல்லூரிகளில் பணிபுரிவோர் வேறு ஊர்களில் செய்த ஆய்வுகளும் வரும், ஏனெனில் கட்டுரையை எழுதியவரின் முகவரியும் தேடப்படுகிறது. தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடுமாறு குறிப்பிட்டால் இது சீராகும்.

பப்மெட்டில் இடம்பெற்றது என்பதாலேயே ஓர் ஆய்வு தரமானது ஆகிவிடாது. முதலில் தோன்றும் பதிவு தேடிய சொல்லுக்குப் பொருத்தமானது, அவ்வளவே. இருப்பினும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை இச்சேவை மறைப்பதில்லை. தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 12 குழந்தைகளை வைத்து 1998இல் வெளியான கட்டுரையை லான்செட் 2010இல் திரும்பப் பெற்றது. அந்தப் பதிவைத் திறந்தால் அச்செய்தி பளிச்சென்று தெரியும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது சமூக ஊடக வதந்திகளை நம்பி அஞ்சிய பெற்றோருக்கு இந்த ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தாலே பாதி அச்சம் நீங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

பெருங்குறை மொழிதான். முழுவதும் ஆங்கிலம், அதுவும் புள்ளியியல் கலந்த ஆங்கிலம். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு தன் தொகுப்பாய்வுகளுக்கு எளிய நடைச் சுருக்கங்களை எழுதுகிறது, அவற்றில் சில தமிழிலும் வந்துள்ளன. அதன் தெற்காசிய மையம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இயங்கிவந்தது. ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்கள் அந்தத் தமிழ்ச் சுருக்கங்களிலிருந்து தொடங்கலாம்.

டெல்லி, கோவா, பீகார் பிள்ளைகளைப் பற்றிக் கிடைக்கும் அளவுக்கு, நூற்பாலைகளையும் விசைத்தறிகளையும் சுற்றி வளரும் நம் பிள்ளைகளைப் பற்றி என் தேடல்களில் கிடைத்ததில்லை. புதிதாக வருவதைத் தவறவிடாமலிருக்க, இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கித் தேடலைச் சேமித்துவைத்தால் வாரந்தோறும் மின்னஞ்சலில் பட்டியல் வந்துவிடும். திருப்பூர், ஈரோடு, பல்லடம், கோபிசெட்டிபாளையம் ஆகிய பெயர்களை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதுகிறார்களோ அத்தனை எழுத்துக்கூட்டலையும் அந்தத் தேடலில் சேர்த்துவைப்பது அவசியம்.