முதலில் சாலைக்கு நிலம்: நகர விளிம்பை வீட்டுமனையாக்கும் நான்கு வழிகள்

நகரத்தின் விளிம்பில் 40 ஹெக்டேர் வயல் இருக்கிறது. அறுபது உரிமையாளர்கள். உள்ளே போக வரப்பை ஒட்டி வளைந்து செல்லும் ஒரே ஒரு வண்டித்தடம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இங்கே 6,000 பேர் குடியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் 8 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வர வேண்டும். அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வெளியேற வேண்டும். இதற்கான சாலை, குழாய், பள்ளி, பூங்கா எல்லாம் யாருடைய நிலத்தில் வரும், எப்போது வரும்? உலகெங்கும் நான்கு விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

மொத்தமாகக் கையகப்படுத்துவது

அரசே முழு நிலத்தையும் வாங்கி, வரைபடம் போட்டு, மனைகளாக விற்கும் முறை இது. பொறியாளருக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. பழைய வரப்புகளைப் பொருட்படுத்தாமல், நிலத்தின் சரிவைப் பார்த்தே தெருக்களை அமைக்கலாம். சிங்கப்பூர் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து இப்படித்தான் தன் குடியிருப்பு நகரங்களுக்கு நிலம் சேர்த்தது. ஆனால் அன்று தந்த இழப்பீடு முழுச் சந்தை விலை அல்ல. முழு விலை என்ற விதி 2007-இல்தான் வந்தது. இதை மறந்துவிட்டு அந்த மாதிரியை அப்படியே எடுத்துவர நினைத்தால் கணக்கு உதைக்கும்.

இந்தியாவில் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2013-இல் வந்த சட்டப்படி, ஊரகப் பகுதியில் இழப்பீடு சந்தை மதிப்பைப்போல் நான்கு மடங்கு வரை போகலாம். உரிமையாளருக்கு அது நியாயம். ஆனால் பணம் முழுவதும் முதல் நாளே வேண்டும். முதல் மனை விற்கப் பல ஆண்டுகள் ஆகும். நடுவில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நெதர்லாந்து நகராட்சிகள் கட்டுமானத்துக்கு முன்பே நிலம் வாங்கி வைப்பதில் கைதேர்ந்தவை. 2008 நெருக்கடியில் வீட்டு விற்பனை விழுந்தபோது, வாங்கி வைத்த நிலமே அவற்றில் பலவற்றுக்குப் பெரும் நட்டமாக முடிந்தது.

பணத்தைத் தாண்டி இன்னொரு சிக்கலும் உண்டு. 40 ஹெக்டேரில் 38 கைக்கு வந்து, நடுவில் இருக்கும் 2 ஹெக்டேருக்கு நீதிமன்றத் தடை இருந்தால், முதன்மைக் கழிவுநீர்க் குழாய் அங்கேயே நின்றுவிடும். நிலத்தில் 95 விழுக்காடு கிடைத்தும் வேலை பாதியில் கிடக்கும்.

தனியார் மனைப்பிரிவு

எதிர்முனையில் இருப்பது லேஅவுட். ஒருவர் 2 ஹெக்டேர் வாங்குகிறார், பிரிக்கிறார், ஒப்புதல் பெற்று விற்கிறார். பொதுப் பணம் ஒரு காசு செலவாவதில்லை. நான்கில் வேகமானதும் இதுதான். வீட்டுத் தேவை அவசரமாக இருக்கும் ஊரில் இதைத் தடுப்பதால், ஒப்புதல் இல்லாத மனைகள் பெருகுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

குறை ஒரு தனி லேஅவுட்டுக்குள் தெரியாது. பத்து லேஅவுட்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொருவரும் பொதுத் திறந்தவெளியாக 10 விழுக்காடு விட்டால், ஆளுக்கு 2,000 சதுர மீட்டர். பத்துத் துண்டு சேர்ந்து 2 ஹெக்டேர் ஆனாலும், 105-க்கு 68 மீட்டர் கால்பந்து மைதானம் ஒன்றுகூட எதிலும் அடங்காது. அதற்கு 7,140 சதுர மீட்டர் வேண்டும். குறிப்பிட்ட பரப்புக்குக் கீழே திறந்தவெளி விட வேண்டாம் என்று விதி இருந்தால், மனைப்பிரிவுகள் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழாகவே வந்துகொண்டிருக்கும்.

தெருக்களும் அப்படித்தான். ஒருவருடைய 9 மீட்டர்ச் சாலை அடுத்தவருடைய மதிலில் முட்டி நிற்கும். நல்ல இடத்தை விட்டுத் தாண்டி, மலிவான நிலத்தில் அடுத்த லேஅவுட் முளைக்கும். இலக்கணக்காரர்கள் தவளைப் பாய்த்து என்பார்களே, நகரமும் அப்படித்தான் தாவுகிறது. இடையில் விட்ட வெற்றிடத்தின் வழியாகவும் குழாய் இழுக்க வேண்டியிருக்கிறது.

மழைநீர்தான் இருப்பதில் மோசம். 40 ஹெக்டேரில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், வயலாக இருக்கும்போது (வழிவுக் கெழு, அதாவது பெய்த மழையில் தரையில் ஓடி வெளியேறும் பங்கு, 0.2) நொடிக்கு 1.1 கனமீட்டர் நீர் வெளியேறும். கூரையும் தார்ச்சாலையும் வந்தபின் (0.6) அது 3.3 கனமீட்டர். மூன்று மடங்கு நீரைச் சுமக்கும் வடிகாலுக்கு எவருடைய வரைபடத்திலும் இடமில்லை. மேட்டில் இருப்பவர் பள்ளத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுகிறார். ஒப்புதல் தந்த ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கும்!

கூட்டிப் பிரிப்பது

உரிமையாளர்கள் அறுபது பேரின் நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாக்கி, சாலைக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் எடுத்ததுபோக மீதியை அவரவர் பங்குக்கேற்ப ஒழுங்கான மனையாகத் திருப்பித் தருவது மூன்றாவது வழி. பிராங்க்பர்ட் மேயர் அடிக்கெஸ் பெயரால் 1902-இல் வந்த சட்டம் இதற்கு முன்னோடிகளில் ஒன்று. இன்றைய ஜெர்மன் சட்டம், பரப்புக் கணக்கில் புதிதாக மேம்படுத்தும் பகுதியில் 30 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க விடாது. ஜப்பான் இதற்கென 1954-இல் தனிச் சட்டமே இயற்றியது. குஜராத்தின் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சாலைக்கு 15, பூங்காவுக்கு 5, பள்ளி மருந்தகம் போன்றவற்றுக்கு 5, விற்றுச் செலவை ஈடுகட்ட 15 விழுக்காடு என்று பிரித்துச் சொல்கிறது. கடைசி 15-தான் சூட்சுமம். அந்த மனைகளை விற்றே குழாயும் சாலையும் போடலாம்.

உரிமையாளர் போடும் கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் கொடுத்து 0.6 ஹெக்டேர் திரும்பப் பெறுகிறார். சதுர மீட்டர் விலை 1.67 மடங்கு ஏறினால் சமம். அதற்கு மேல் லாபம். பாதிதான் திரும்புகிறது என்றால் இரண்டு மடங்கு ஏற வேண்டும். ஆந்திரத்தின் புதிய தலைநகராகத் திட்டமிட்ட அமராவதியில் 2015-இல் ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்துக்கு 1,000 சதுர கெஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கெஜம் வணிக மனையும் தருவதாகச் சொன்னார்கள். ஏக்கர் என்பது 4,840 சதுர கெஜம். திரும்புவது கால் பங்குக்குச் சற்றே கூடுதல். ஆக, விலை ஏறத்தாழ நான்கு மடங்கு ஏறினால்தான் சமம். ஆண்டுத்தொகையும் சேர்த்துத் தந்ததற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம். 2019-க்குப் பிறகு தலைநகர்த் திட்டம் தடம் மாறியபோது நிலம் தந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. விலை ஏறாத ஊரில் இந்த முறையைத் தொடவே கூடாது.

வேலை பெரும்பாலும் அளவையில்தான் சிக்கும். பத்திரத்தில் ஒரு பரப்பு, தரையில் வேறொரு பரப்பு, அனுபவத்தில் மூன்றாவது. இறந்துபோன தாத்தா பெயரிலேயே பதிவு; வாரிசு ஒன்பது பேர். இதைத் தீர்க்காமல் வரைபடம் போட்டால், ஆட்சேபணைக் கூட்டத்தில் மொத்தமும் கலையும். ஆகவே முதலில் தரை அளவை, பிறகு உரிமைப் பட்டியல், அதன்பின் வரைவு, ஒவ்வொருவருக்கும் பழைய துண்டையும் புதிய துண்டையும் ஒரே தாளில் காட்டும் விசாரணை, கடைசியாக இறுதி மனை. புதிய மனை பழைய இடத்துக்கு எவ்வளவு அருகில் விழுகிறதோ அவ்வளவுக்குச் சண்டை குறையும். மிகச் சிறிய துண்டு வைத்திருப்பவரிடம் 40 விழுக்காடு எடுத்தால் வீடு கட்டும் அளவே மிஞ்சாது. அவருக்குக் குறைவாக எடுத்துப் பெரிய உரிமையாளரிடம் ஈடுசெய்வது, அல்லது பணமாகத் தருவது என இரண்டே வழிகள்தான்.

இத்தனையும் முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் வீடுகள் முளைத்துவிடும். குஜராத் இதற்கு 1999-இல் ஒரு திருத்தம் கண்டது: வரைவுத் திட்டம் ஒப்புதல் ஆனவுடனேயே சாலைக்கான நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்; மனைத் தகராறுகள் பின்னால் நடக்கட்டும். அகமதாபாத்தைச் சுற்றும் 76 கிலோமீட்டர் வட்டச்சாலைக்குப் பெரும்பாலான நிலம் இப்படிப்பட்ட திட்டங்கள் வழியாகவே வந்தது. என் பார்வையில், கூட்டிப் பிரிக்கும் முறையில் இதுவரை நடந்த பழுதுபார்ப்புகளில் இதற்கு இணையில்லை.

கட்டம் மட்டும் போடுவது

நான்காவது வழி மிகக் குறைவாகக் கேட்கிறது. மனையைத் தொடாமல், 1 கிலோமீட்டர் இடைவெளியில் 30 மீட்டர் அகலச் சாலைகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கு என்கிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர்ச் சாலை; 60,000 சதுர மீட்டர்; மொத்த நிலத்தில் 6 விழுக்காடு. எத்தியோப்பியாவின் ஹவாசா, அடாமா போன்ற நகரங்கள் இந்த வழியில் விரிவாக்கம் திட்டமிட்டன. யோசனை பழையதுதான். ஒரு லட்சத்துக்கும் குறைவானவர்கள் இருந்தபோதே நியூயார்க் 1811-இல் 155-ஆம் தெரு வரை கோடு போட்டது. பார்சிலோனாவுக்குப் பொறியாளர் செர்டா 1859-இல் 20 மீட்டர்த் தெருக்களை வரைந்தார்.

வரைபடத்தில் கோடு போட்டுவிட்டு இழப்பீடும் தராமல், கட்டவும் விடாமல் வைத்திருந்தால் இது தோற்கும். உரிமையாளர் வழக்குப் போடுவார் அல்லது இரவோடு இரவாகக் கொட்டகை போடுவார். பணத்தைக் கொடுத்து, கல் நட்டு, இருபுறமும் மரம் வைத்து, மண்சாலையாகவாவது வண்டி ஓடவிட வேண்டும். தார் பிறகு வரலாம்.

எதை எங்கே

நிலம் துண்டு துண்டாக இருந்து, விலை ஏறும் என்பது உறுதியானால் கூட்டிப் பிரிப்பதே சிறந்தது. நில அளவை ஆட்கள் போதாத, ஆனால் வேகமாகப் பெருகும் ஊருக்குக் கட்டமும் லேஅவுட்டும் சேர்ந்த கலவை போதும். முதன்மைச் சாலை அரசுடையது, உள்தெரு தனியாருடையது. ஆனால் லேஅவுட் ஒப்புதலில் ஒரு நிபந்தனை கட்டாயம்: குறைந்தது இரண்டு தெருக்களாவது எல்லை வரை நீண்டு, பக்கத்து நிலத்துக்குத் திறந்திருக்க வேண்டும்.

கையகப்படுத்தலை முழுப் பகுதிக்கும் பயன்படுத்தாமல் புள்ளிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். நீர்த்தேக்கத் தொட்டிக்கு மேடு, மின்நிலையம், கழிவுநீர் இறைக்கும் நிலையம். 150 மில்லிமீட்டர்க் கழிவுநீர்க் குழாய்க்கு ஏறத்தாழ 170-க்கு 1 என்ற சரிவு வேண்டும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 6 மீட்டர் ஆழம் இறங்கிவிடும். அதற்கு மேல் தோண்டுவதைவிட இறைப்பது மலிவு. அந்த இறைப்பு நிலையம் பகுதியின் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் அமைய முடியும். தண்ணீர் தேங்கும் அந்த மூலைதான் மலிவென்று முதலில் விற்றுப்போவதும்கூட. ஆகவே சாலைக் கோடு வரைவதற்கு முன்பே மட்ட அளவை எடுத்து அந்த மூலையைக் குறித்துவிட வேண்டும்.