வீட்டு ஜன்னலா, கடைக் கண்ணாடியா? வடசென்னையில் கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கு எது கைகொடுக்கும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, வீடு புடிக்கலாமா, கம்பெனி புடிக்கலாமா?" ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் பக்கம் இதற்கு ஒரு பதில் இருக்கலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், இந்தப் பக்கம் பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் வரைக்கும் ஓடுகிறவர்களுக்குப் பதில் வேறு. அதைத் தீர்மானிப்பது நம்ம ஊர் அழுக்கு.

காசிமேடு, திருவொற்றியூர் வரிசையில் கடல் உப்பு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி ரோடு ஓரமெல்லாம் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி. 2011 வரைக்கும் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கியது; ராயபுரம் வீடுகளில் துணி காயப்போட்டால் கரி படியும். உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அனல்மின் நிலையச் சாம்பலும் அந்தப் பக்கம்தான். உப்பும் தூசும் சேர்ந்து கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு படலம் பிடிக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நன்றாக நனைத்து, ஊறவிட்டு, அப்புறம்தான் வைப்பர் போட வேண்டும். அதற்கும் போர் தண்ணீர் ஆகாது. பல தெருக்களில் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் ஒரு கேன் வண்டியிலேயே இருக்கட்டும்.

இவ்வளவு பாடுபட்டுத் துடைத்தாலும் பத்து நாளில் மறுபடி மங்கிவிடும். ஆகவே ஒரு தடவைக்கு யார் அதிகம் கொடுப்பார் என்று பார்ப்பதைவிட, மங்கினதும் மறுபடி கூப்பிடப் போவது யார் என்று பாருங்கள்.

வீட்டுக்காரர்கள் மறுபடி கூப்பிடுவது அபூர்வம். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வீடுகளில் மரக் கதவு ஜன்னலும் கிரில்லும்தான், கண்ணாடியே கொஞ்சம். "அதான் வேலைக்கு வர்ற அம்மா துடைச்சிடுவாங்களே" என்பார்கள். அது நியாயமான பேச்சுதான். பொங்கலுக்கு முன், வெள்ளையடித்த பிறகு, கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், ராயபுரம் பக்கம் கிறிஸ்துமஸுக்கு முன் என்று வருஷத்தில் ஒன்றிரண்டு அழைப்பு வரும். ஆனால் வந்தால் கை நிறைய வேலை. காசும் அங்கேயே ஜிபேயில் விழுந்துவிடும்.

அபார்ட்மென்ட் வேறு கதை. பெரம்பூரில் பின்னி மில் இருந்த இடத்தில் எழுந்திருக்கும் உயரமான குடியிருப்புகள், கொளத்தூர், மாதவரத்தில் வரும் புதிய பிளாட்டுகள் எல்லாவற்றிலும் யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் சட்டம் போட்ட சறுக்கு ஜன்னல். புதியவர்கள் ரேட்டில் அடிபடும் இடம் இது. கண்ணாடி துடைக்க ரெண்டு நிமிஷம். கீழே ஜன்னல் ஓடுகிற பள்ளமான டிராக்கைச் சுத்தம் செய்யக் கால் மணி நேரம். அதில் களிமண்ணாக இறுகின புழுதி, புறா எச்சம், எறும்புப் புற்று, கொசுவலையின் அறுந்த வெல்குரோ எல்லாம் இருக்கும். முதலில் பழைய டூத் பிரஷ்ஷால் கிளறி வேக்குவம் போட வேண்டும். எடுத்ததும் தண்ணீர் விட்டால் சேறாகி ரோலருக்குள் போய்விடும். அப்புறம் "நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து ஜன்னல் நகரலை" என்று போன் வரும். புறா எச்சத்துக்கு மட்டும் முறை வேறு: காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எனவே ஜன்னலுக்கு இவ்வளவு என்று ஒரே விலை பேசாதீர்கள். கண்ணாடிக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று, வலைக்கு ஒன்று.

பிளாட்டில் இன்னொரு விஷயம், வீட்டுக்குள் நுழைகிறோம். பகலில் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ மட்டும் இருப்பார்கள். குழுவில் ஒரு அக்கா இருந்தால் கதவு தயங்காமல் திறக்கும். ஒரு வீட்டில் நல்ல பெயர் எடுத்தால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த வீடுகள் தானாக வரும். ஒரே பிளாக்கில் ஒரே நாளில் நாலு வீடு அமைந்தால்தான் பெட்ரோலும் நேரமும் மிஞ்சும். தண்டையார்பேட்டையில் ஒன்று, மாதவரத்தில் ஒன்று என்று வீடு பிடித்தால் நாள் ரோட்டிலேயே போய்விடும்.

இனி கம்பெனி. இந்தச் சொல்லுக்குள் ரெண்டு வகை வாடிக்கையாளர் இருக்கிறார்கள். சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம்.

முதல் வகை, கடையும் கிளினிக்கும். எம்.சி. ரோடு ஜவுளிக்கடை, டி.எச். ரோடு நகைக்கடை, பேப்பர் மில்ஸ் ரோடு மருந்துக்கடை, கொளத்தூரில் வரிசையாக இருக்கும் வண்ண மீன் கடைகள். இவர்களுக்குக் கண்ணாடிதான் முகம். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறார். மங்கினால் அவருக்கே உறுத்தும். காசும் அவர் கையிலிருந்தே வரும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கடைக்கு வாரம் 250 ரூபாய், ஒரே ரோட்டில் பன்னிரண்டு கடை என்றால் மாதம் 12,000. கேட்கச் சின்னத் தொகை. ஆனால் அலைச்சல் இல்லை, ரெண்டே பேர், ஏணிகூட வேண்டாம், நீட்டுக் கம்பு போதும்.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. கண்ணாடிக்கு வெளியே ஷட்டர். ஷட்டர் ஏறினால்தான் வேலை. அது ஏறுவதோ ஒன்பதரைக்கு மேல், எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில். பதினொன்றுக்குள் கடைக்கு வாங்க ஆட்கள் வந்துவிட்டால் வாசலில் பக்கெட் வைக்க விடமாட்டார்கள். ஒரு காலையில் ஆறேழு கடைதான் முடியும். அதனால் கடை வரிசையை இரண்டு மூன்று கிழமையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளினிக்குகளை விடியற்காலைக்கு வைத்தால் அந்த நேரமும் வீணாகாது.

இரண்டாவது வகை, பெரிய இடம். மணலி தொழிற்சாலை அலுவலகங்கள், மாதவரம் கிடங்குகள், முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட ஆஸ்பத்திரி, ஷோரூம். ஒரே பில்லில் வரும் தொகை ஆசை காட்டும். ஆனால் வேலையைப் பார்த்துத் தலையாட்டுகிறவர் மேனேஜர். காசு கொடுக்கிறது வேறு ஊரில் இருக்கிற அக்கவுன்ட்ஸ். அங்கே இருப்பவர்கள் நம் கண்ணாடியைப் பார்த்ததே கிடையாது. பில் அவர்களுக்கு இன்னொரு காகிதம். ரெண்டு மாதம் இழுத்தாலும் ஆட்களுக்குச் சம்பளம் நாம் சனிக்கிழமை கொடுத்தே ஆக வேண்டும்.

இதற்குச் சட்டம் துணை நிற்கிறது, பயன்படுத்துங்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம். பதிந்த சிறு, குறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். பில்லிலேயே உத்யம் எண்ணைப் போடுங்கள். ஒரே பில் 30,000-க்கு மேல் போனாலோ, வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு பங்கு, பிடிப்பார்கள். தனி ஆள் பெயரில் தொழில் என்றால் 1 சதவீதம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பெரிய இடம் ஜிஎஸ்டி பில் கேட்கும். வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. அவர்களுக்காகப் பதிந்துவிட்டால், அதே 18 சதவீத ஜிஎஸ்டியைப் பிளாட் ஆன்ட்டியிடமும் சேர்த்து வாங்க வேண்டும். அவர் கொடுக்க மாட்டார், நம் கையிலிருந்துதான் போகும்.

இதைவிடப் பெரியது உயரம். நாலாவது மாடி வெளிக் கண்ணாடிக்குக் கயிற்றில் தொங்குகிற வேலைக்கு, ஆள் தொங்க ஒரு கயிறு, காப்புக்குத் தனியாக இன்னொரு கயிறு, ரெண்டும் வெவ்வேறு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். ஐஎஸ் 3521 தர முத்திரை உள்ள முழு உடல் ஹார்னஸ் (உடம்போடு கட்டும் பாதுகாப்பு பெல்ட்), பயிற்சி எடுத்த ஆள், இன்சூரன்ஸ். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த வேலை வேண்டாம். "பையன் சும்மா இறங்கிடுவான் சார்" என்று ரேட்டைக் குறைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையன் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. பக்கத்துத் தெருப் பையனாகக்கூட இருப்பான். அவர்களோடு விலையில் போட்டி போடவே போடாதீர்கள்.

எனக்கு இதில் தயக்கமே இல்லை: வடசென்னையில் முதுகெலும்பு கடை வரிசைதான். காசு கொடுக்கிற கையும் கண்ணாடியைப் பார்க்கிற கண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்கும் இடம், வாரா வாரம் மங்குகிற இடம், ரெண்டும் அங்கே சேர்கின்றன. வீட்டிலும் கையும் கண்ணும் ஒன்றுதான், ஆனால் அவர்களுக்கு அவசரம் இல்லை. அதனால் பிளாட்டுகளை மதியத்துக்கும் ஞாயிறுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை மட்டும் கணக்கை மாற்றி வீட்டுக்கு முதலிடம் கொடுங்கள். பெரிய இடம் வந்தால், தரைத்தளமும் உள்பக்கக் கண்ணாடியும் மட்டும் எடுக்கலாம். அதுவும் ரெண்டு மாதச் சம்பளப் பணம் தனியாக இருந்தால்.

ஐப்பசி மழையில் வீட்டு வேலை அடியோடு நின்றுவிடும். "மழை விடட்டும் தம்பி" என்பார்கள். கடைக்கண்ணாடியில் அப்போதுதான் பஸ் தெளித்த சேறு நிற்கும்.

புதிதாக இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ரோட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்பதரைக்குப் போய், ஷட்டர் ஏற்றுகிறவரிடம் கண்ணாடியின் ஒரு பாதியை மட்டும் இலவசமாகத் துடைத்துக் காட்டுங்கள். மறு பாதிக்கு விலையை அவரே கேட்பார்.