கொசுக்களின் இனப்பெருக்க மரபணுக்கள் ஏன் இத்தனை விரைவாக மாறுகின்றன: பாலின முரண்பாடா, தளர்ந்த கட்டுப்பாடா?

விந்துத் திரவத்திலும் பெண்ணின் இனப்பெருக்கப் பாதையிலும் செயல்படும் புரதங்களுக்கான மரபணுக்கள் மற்ற பல மரபணுக்களைவிட விரைவாக மாறிவந்திருப்பது பல விலங்குகளில் தெரியவந்துள்ளது. பழ ஈயைப் பொறுத்தவரை இதற்குப் பெரும்பாலும் தரப்படும் விளக்கம் பாலின முரண்பாடு. பெண் பல ஆண்களுடன் இணைகிறது. ஒவ்வோர் ஆணும் தன் விந்தே பயன்பட வேண்டும் என்பதற்கேற்ற புரதங்களைச் செலுத்துகிறது. அவற்றின் விளைவைக் கட்டுக்குள் வைக்கும் பெண்ணுக்கு இயற்கைத் தேர்வில் ஆதாயம் கிடைக்கிறது. ஒரு தரப்பின் மாற்றம் மறுதரப்பின் மாற்றத்தைத் தூண்டுவதால் இருபுறமும் மரபணுக்கள் ஓயாமல் மாறுகின்றன. ஆனால் ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் காம்பியே கொசுவின் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் இணைகிறது. போட்டியிட இரண்டாவது ஆணே இல்லாத இடத்தில் முரண்பாடு எங்கிருந்து வரும் என்ற கேள்வியே இரண்டாவது விளக்கத்துக்கு வழிவிடுகிறது. மரபணு இரட்டித்த பின் ஒரு பிரதியின் மீதுள்ள கட்டுப்பாடு, அதாவது கேடான மாற்றங்களை இயற்கைத் தேர்வு களைவது, தளர்கிறது. அந்தத் தளர்வில் மாற்றங்கள் சேர்கின்றன என்பதே அந்த விளக்கம்.

இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன் இணைதலில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அந்திப் பொழுதில் ஆண்கள் கூட்டமாகப் பறக்கின்றன. அக்கூட்டத்துக்குள் நுழையும் பெண்ணை ஓர் ஆண் பற்றிக்கொள்கிறது. சிறிது நேரமே நீடிக்கும் அந்த இணைவில் விந்துடன் கூழ்போன்ற ஓர் அடைப்பும் பெண்ணின் ஏட்ரியம் எனப்படும் அறைக்குள் வந்து சேர்கிறது. ஆணின் துணைச் சுரப்பிகளில் உருவாகும் பிளகின் என்ற புரதத்தை டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி குறுக்கே பிணைப்பதால் இந்த அடைப்பு திடமாகிறது. அதனுடன் 20-ஹைட்ராக்ஸிஎக்டைசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனும் வருகிறது. பெண் மீண்டும் இணைய மறுப்பதும் முட்டையிடத் தொடங்குவதும் இந்த ஹார்மோனின் விளைவுகளே என்பது 2014-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. ஓரிரு நாளில் பெண் அந்த அடைப்பைச் செரித்துவிடுகிறது. விந்தோ ஒற்றை விந்துப்பையில் வாழ்நாள் முழுவதும் சேமிக்கப்படுகிறது.

ஆணிடமிருந்து வந்த பொருளைச் செரிக்கும் வேலையில் பங்கேற்பவையாகக் கருதப்படுபவை பெண்ணின் புரதச்சிதைப்பு நொதிகள். இரு விளக்கங்களும் நேருக்கு நேர் மோதும் இடமும் இதுதான். குரோமோசோமில் அடுத்தடுத்து அமைந்த மூன்று செரின் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் ஒரு வகை நொதி) மரபணுக்களை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. இவற்றுள் இரண்டு ஏட்ரியத்திலும் ஒன்று விந்துப்பையிலும் செயல்படுகின்றன. இணைந்த பின் மூன்றின் செயல்பாடும் குறைகிறது. மூன்றும் இரட்டிப்பால் பெருகிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

முரண்பாடு மட்டுமே காரணமாக இருந்தால் அதன் தடம் எப்படி இருக்கும்? சாதகமான மாற்றம் தோன்றியதும் இயற்கைத் தேர்வு அதை விரைவாக இனம் முழுவதும் பரப்பிவிடும். ஆகவே ஓர் இனத்துக்குள் அமினோ அமில மாறுபாடுகள் குறைவாகவும், இனங்களுக்கு இடையே நிலைபெற்ற வேறுபாடுகள் மிகுதியாகவும் இருக்க வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்திருந்தால் படம் தலைகீழாகும்: களையப்பட வேண்டிய மாற்றங்கள் களையப்படாமல், இனத்துக்குள்ளேயே அமினோ அமில மாறுபாடுகள் குவிந்து கிடக்கும். காம்பியே இனக்குழுவில் (காம்பியேயும் அதன் நெருங்கிய உறவு இனங்களும்) கிடைத்தது பெரிதும் இந்த இரண்டாவது படம். புரதத்தை மாற்றும் மாறுபாடுகள் இனங்களுக்குள்ளேயே ஏராளமாக இருந்தன. இரட்டித்த மரபணுவின் ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றது ஓரளவு சுதந்திரமாக மாறியது என்ற வாசிப்புக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

இத்துடன் நிறுத்தினால் தளர்ந்த கட்டுப்பாடே வென்றதாகத் தோன்றும். ஆனால் அதே மூன்று மரபணுக்களின் சில கோடான்களில் (ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் குறிக்கும் மூன்றெழுத்துத் துண்டுகளில்) சாதகத் தேர்வின் அடையாளமும் தெரிந்தது. தேர்வுக்கு உட்பட்ட இடங்கள் புரதத்தில் எங்கே அமைந்துள்ளன என்பதை முப்பரிமாண மாதிரி கொண்டு பார்த்தபோது, அவற்றுள் பல நொதியின் வினையூக்க மையத்துக்கு அருகிலோ, எந்தப் புரதத்தை வெட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் பள்ளத்தின் விளிம்பிலோ இருந்தன. வெறும் தளர்வுக்கு இடம் பார்க்கத் தெரியாது. அது மாற்றங்களை ஆங்காங்கே சிதறவிடும். இலக்கை அடையாளம் காணும் பகுதியில் மாற்றங்கள் கூடுவது, அந்த நொதி எதிர்கொள்ளும் பொருள் மாறிவந்திருப்பதையே சுட்டுகிறது. என் மதிப்பீட்டில் இந்த ஆய்வின் மிக வலுவான சான்று இதுதான். மாறுபாடுகளை எண்ணி ஒப்பிடும் சோதனைகளைவிட இதற்கே நான் அதிக எடை தருவேன்.

மாறிவந்த அந்தப் பொருள் ஆணின் புரதமாகவோ, நொதியைத் தடுக்கும் மூலக்கூறாகவோ, இணைவின்போது உடன் வரும் நுண்ணுயிராகவோ இருக்கலாம். நுண்ணுயிர் என்றால் அது பாலின முரண்பாடே அல்ல, நோய்த் தற்காப்பு. இந்த மூன்றாவது வாய்ப்பு விவாதங்களில் உரிய இடம் பெறுவதில்லை. மேலும், காம்பியே இனக்குழுவில் இனங்களுக்கு இடையே மரபணுக் கலப்பு மிகுதி என்பதை 2015-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு நிறுவியது. பக்கத்து இனத்திலிருந்து வந்து சேர்ந்த மாறுபாடும் இனத்துக்குள் தோன்றிய மாறுபாடு போலவே எண்ணிக்கையில் இடம்பெறும் என்பதால், தளர்வுக்கான சான்றைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும்.

காலத்தை நீட்டிப் பார்த்தால் முரண்பாட்டின் தரப்பு வலுப்பெறுகிறது. அனோபிலஸ் பேரினத்தின் கிளைகள் சுமார் 10 கோடி ஆண்டுகளாகப் பிரிந்து வந்தவை. ஒன்பது இனங்களை ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வின்படி, அமெரிக்கக் கண்டத்தின் அனோபிலஸ் அல்பிமானஸ் ஆண் அடைப்பை உருவாக்குவதில்லை, ஹார்மோனைச் செலுத்துவதுமில்லை. இவ்விரண்டும் இல்லாததே மூதாதை நிலை. ஹார்மோனைச் செலுத்தும் இனங்களில், அதனுடன் வினைபுரிந்து முட்டை வளர்ச்சியைக் கூட்டும் மிசோ என்ற பெண் புரதமும் விரைவாக மாறியிருக்கிறது. ஆணின் பண்பும் பெண்ணின் மறுமொழியும் கைகோத்து மாறியதற்கான தடம் இது. ஆனால் பெண்ணுக்குக் கூடுதல் முட்டை கிடைக்கிறதென்றால் அதை முரண்பாடு என்பதைவிடக் கூட்டுப் பரிணாமம் என்பதே பொருத்தம். இன்று ஒரே முறை இணையும் பெண் கொண்ட இனம், முன்பு நடந்த போட்டியின் முடிவாகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடலாகாது.

முரண்பாட்டை நேரடியாகக் காண ஏடிஸ் என்ற மற்றொரு கொசுப் பேரினத்தின் பக்கம் வர வேண்டும். ஏடிஸ் எஜிப்தி ஆணின் துணைச் சுரப்பிப் பொருளே பெண்ணை மறு இணைவிலிருந்து தடுக்கிறது என்று 1967-லேயே காட்டப்பட்டது. ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆண் தவறுதலாக எஜிப்தி பெண்ணுடன் இணைந்தாலும் அத்தடை செயல்பட்டுவிடுவதால், அந்தப் பெண் சொந்த இன ஆணை ஏற்காமல் மலடாகவே நின்றுவிடுகிறது. இரு இனங்களும் சேர்ந்து வாழும் இடங்களில் எஜிப்தி பெண்கள் சில தலைமுறைகளிலேயே அந்நிய ஆணைத் தவிர்க்கப் பழகிவிடுகின்றன. விந்துப் புரதத்தால் விளையும் கேடு எவ்வளவு கடுமையான தேர்வு அழுத்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கொசுக்களில் இல்லை. ஆயினும் இங்கே முதலில் மாறியது பெண்ணின் நடத்தை. நொதிகள் மாறியதாக இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஏடிஸின் சான்றை அனோபிலஸின் புரோட்டியேஸ்களுக்கு அப்படியே பொருத்துவது அவசரம்.

ஆகவே காம்பியேயின் பெண் நொதிகளைப் பொறுத்தவரை, இரட்டிப்பும் தளர்வும் முதல் படி, குறிப்பிட்ட இலக்குக்கான தேர்வு இரண்டாம் படி என்ற வரிசையையே நான் ஏற்கிறேன். பிளகின், ஹார்மோன், மிசோ போன்றவற்றில் ஆண்-பெண் கூட்டுப் பரிணாமமே முன்னிலை வகிக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. மரபணு உந்துதல் (ஒரு மரபணு மாற்றத்தை வழக்கத்தைவிட மிகுதியான சந்ததிக்குச் செல்லச் செய்யும் முறை) மூலம் மலேரியாக் கொசுக்களைக் கட்டுப்படுத்த முயல்வோர், மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் மரபணுவைக் குறிவைத்தால் உந்துதலுக்கு அகப்படாத எதிர்ப்புப் பிரதிகள் எளிதில் தோன்றிவிடும். இனத்துக்குள்ளேயே மாறுபாடு மிகுந்த புரோட்டியேஸ்கள் அதற்கு உதவாது. அதனால்தான் 2018-இல் வெளியான சோதனையில், பால் வேறுபாட்டை நிர்ணயிக்கும் டபுள்செக்ஸ் மரபணுவின், காம்பியே இனக்குழுவில் ஏறக்குறைய மாறாதிருக்கும் பெண்ணுக்குரிய பகுதி குறிவைக்கப்பட்டது. கூண்டுகளில் வளர்ந்த கொசுக்கூட்டம் 7 முதல் 11 தலைமுறைக்குள் முற்றிலும் அழிந்தது.