அப்டேட்டுக்கு முன், அப்டேட்டுக்குப் பின்: ஒரே இயர்பட்ஸோடு மூன்று வருடங்கள்

வாங்கிய முதல் வாரத்திலேயே எழுதிய விமர்சனங்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கின்றன. மூன்று வருடம் கழித்து அதே இயர்பட்ஸ் எப்படி இருக்கிறது என்று தேடினால்தான் ஒன்றும் அகப்படுவதில்லை, அதனால் எழுதுகிறேன். மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேறு வேறு நிறுவனங்களின் இயர்பட்ஸ் வைத்திருக்கும் நண்பர்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் நான்கு மணி நேரமாவது காதில் இருக்கும். வேலை நேரத்தில் கால் பேச, நடக்கும்போது பாட்டு கேட்க, ராத்திரி தூங்கும் முன் ஏதாவது கேட்க. இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறது, ஒரு முறை சட்டைப் பையோடு தண்ணீரில் நனைந்திருக்கிறது. கேஸின் மூடி இன்னும் உறுதியாக மூடுகிறது, ஒலித் தரமும் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் ஒரு பக்கம் சத்தம் குறைந்தபோது பழுது என்று பயந்தேன், பார்த்தால் வலையில் காது அழுக்கு அடைத்திருந்தது. உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் வலையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துத் தட்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. சத்தம் குறைந்துவிட்டது என்று புது ஜோடி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பேட்டரி தேய்ந்துவிட்டது, அதற்கு நான் கோபப்படவில்லை. ஒரு பட்ஸுக்குள் இருப்பது ஐம்பது, அறுபது மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) அளவில் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி, அதைத் தினமும் ஏற்றி இறக்கினால் தேயத்தான் செய்யும். புதிதில் நாய்ஸ் கேன்சலேஷனோடு, அதாவது வெளிச் சத்தத்தை அடக்கும் வசதியோடு, ஆறு மணி நேரம் வந்தது, இப்போது மூன்று மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. கழற்றி மாற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். முடியாத காரியம் ஒன்றும் இல்லை, ஃபேர்போன் நிறுவனம் 2024-ல் பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளும்படி இயர்பட்ஸ் செய்து காட்டியிருக்கிறது.

இனி மென்பொருளுக்கு வருகிறேன்.

ஒயர் ஹெட்போனில் மென்பொருள் என்று ஒன்று கிடையாது. வாங்கிய அன்று எப்படிப் பாடியதோ, ஒயர் அறுந்துபோகும் நாள் வரை அப்படியே பாடும். இயர்பட்ஸ் அப்படியில்லை. உள்ளே ஒரு சின்ன கணினியே இருக்கிறது. வெளிச் சத்தத்தை மைக்கில் பிடித்து அதற்கு எதிரான அலையை உண்டாக்குவது, விரல் பட்டதைப் புரிந்துகொள்வது, இடது பக்கமும் வலது பக்கமும் பிசகாமல் சேர்ந்து ஒலிப்பது எல்லாமே ஃபர்ம்வேரின், அதாவது பட்ஸுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளின் வேலை. ஆகவே நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் குணத்தை, அது என் வீட்டில் கேஸுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே யாரோ மாற்றிவிட முடியும். எனக்கு நடந்தது அதுதான்.

எட்டாவது மாதத்தில் ஒரு அப்டேட் வந்தது. அடுத்த நாள் காலையில் போட்டுக்கொண்டபோது ஃபேன் சத்தம் முன்பைவிட அதிகமாகக் கேட்டது. முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். சிலிகான் முனைகள் தளர்ந்திருக்கும் என்று புதிது மாற்றினேன், வேறு அளவும் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. அப்புறம்தான் அக்காவிடமும் இதே மாடல் இருப்பது ஞாபகம் வந்தது. அப்டேட் போடுவதற்கான இயர்பட்ஸ் நிறுவனத்தின் ஆப்பை அவள் போனில் நிறுவியதே இல்லை, அதனால் அவளுடையது வாங்கிய நாளின் வெர்ஷனிலேயே இருந்தது. அதே அறை, அதே ஃபேன், அதே முனைகள் என்று வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேருக்குமே வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது, அவளுடையது நன்றாக அடக்குகிறது, என்னுடையது அடக்கவில்லை. காரணம் நல்லதாகக்கூட இருக்கலாம், காதில் அழுத்தம் போல இருக்கிறது என்று சிலர் சொன்னதால் குறைத்திருக்கலாம். ஆனால் அப்டேட்டோடு வந்த குறிப்பில் ‘நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருந்தது. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப வழி கேட்டு எழுதினேன், இல்லை என்று பதில் வந்தது.

அப்புறம் ஆப். வாங்கிய புதிதில் அது ஒரே பக்கம்: பேட்டரி அளவு, ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்வலைசர், நாய்ஸ் கேன்சலேஷன் பொத்தான், அவ்வளவுதான். இப்போது திறந்தால் முதலில் லாகின் கேட்கிறது, அடுத்து புது மாடலின் படம், அதைத் தள்ளினால்தான் ஈக்வலைசர். இருப்பிட அனுமதியும் கேட்கிறது. முன்பு ஆண்ட்ராய்டில் பக்கத்திலிருக்கும் ப்ளூடூத் சாதனத்தைத் தேடவே அந்த அனுமதி தேவைப்பட்டது, சரி. ஆனால் 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-லிருந்து அதற்கென்று தனி அனுமதி வந்துவிட்டது. தொலைந்த பட்ஸைத் தேடித் தரும் வசதி வேண்டும் என்பவருக்கு இருப்பிடம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஈக்வலைசரை மட்டும் மாற்றப் போகிற எனக்கு எதற்கு?

மல்டிபாயிண்ட் இன்னொரு தலைவலி. போனும் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் வசதி, இதற்காகவேதான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வருடம் அருமையாக வேலை செய்தது. அப்புறம் வந்த ஏதோ ஒரு அப்டேட்டிலிருந்து லேப்டாப்பில் ஒரு நோட்டிஃபிகேஷன் சத்தம் வந்தாலே போனில் ஓடும் பாட்டு நின்றுவிடுகிறது, பல நேரம் தானாகத் திரும்பி வருவதும் இல்லை. கால் நடுவில் இப்படி ஆனதால் எதிரில் பேசியவர் சொன்ன முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டு மறுபடி கேட்க வேண்டியதாகியிருக்கிறது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் ஒலி சட்டென்று மங்கிப்போவதற்கு எல்லோரும் இயர்பட்ஸைத் திட்டுகிறார்கள். அது பழைய ப்ளூடூத்தின் கோளாறு. பாட்டுக்கு ஒரு வழிமுறை, மைக்கோடு பேச இன்னொரு வழிமுறை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், மைக் திறந்ததும் தரம் குறைந்த பேச்சு முறைக்கு மாறிவிடுகிறது. இதைச் சரிசெய்யத்தான் எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறை வந்தது, 2020-ல் அறிவித்து 2022-ல் வரையறைகளை முழுமையாக்கினார்கள். என் பெட்டியின் மேல் ‘எல்இ ஆடியோ, அப்டேட்டில் வரும்’ என்று அச்சிட்டிருந்தது. வந்தது, ஒன்றரை வருடம் கழித்து, சோதனை வசதி என்ற பெயரில். அதை ஆன் செய்தால் மல்டிபாயிண்ட் அணைந்துவிடுகிறது. ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று பெட்டியில் எங்குமே போடவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று நிறைய யோசித்தேன். ஒரே ஆப் இப்போது பத்துப் பன்னிரண்டு மாடல்களைத் தாங்குகிறது, வருடா வருடம் புது மாடல் வேறு சேர்கிறது. புதியதில் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள், மூன்று வருடம் பழைய என் ஜோடியை யாராவது காதில் போட்டுப் பார்த்தார்களா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. விற்கும்போது குறையோடு விற்றுவிட்டு ‘அடுத்த அப்டேட்டில் வரும்’ என்று சொல்லும் பழக்கமும் எல்லாப் பொருளிலும் பரவிவிட்டது.

நண்பர்களில் ஒருவர் ஒயர் ஹெட்போனுக்கே திரும்பிவிட்டார். இன்னொருவர் ‘ஆப்பைப் போடாதே, அப்டேட்டே செய்யாதே’ என்கிறார். அக்காவின் ஜோடியைப் பார்த்தபோது எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2019-ல் நாப் என்ற பெயரில் ஒரு ப்ளூடூத் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். இணைப்பைப் பூட்டும் சாவியின் நீளத்தை ஒரே பைட்டாகக் குறைக்க வைத்து, நடுவில் இருப்பவர் உடைத்துவிட முடியும். இப்படிப்பட்டவற்றை அப்டேட் இல்லாமல் அடைக்க முடியாது. அதனால் நான் கேட்பது, பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகக் கொடுங்கள், ஒலியையும் நாய்ஸ் கேன்சலேஷனையும் மாற்றுவதைத் தனியாகக் கொடுங்கள், பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப ஒரு வழி வையுங்கள்.

அடுத்து வாங்கும்போது ஒலித் தரத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன், இப்போது எல்லாமே ஓரளவு நன்றாகத்தான் இருக்கின்றன. முதலில் பார்க்கப்போவது ஆப் இல்லாமலும் எல்லா வசதியும் வேலை செய்கிறதா, தானியங்கி அப்டேட்டை அணைக்க முடியுமா, இரண்டு வருடப் பழைய மாடலுக்கு அந்த நிறுவனம் கடைசியாக என்ன அப்டேட் கொடுத்தது என்பவற்றை.

போன வாரம் அக்கா புது போன் வாங்கினாள். இயர்பட்ஸை இணைத்ததும் போனே அந்த ஆப்பைப் போடச் சொல்லியிருக்கிறது, திறந்தவுடன் அப்டேட் தயாராக இருக்கிறது என்று காட்டியிருக்கிறது. எனக்குக் கால் செய்து, “டேய், போடட்டுமா வேண்டாமா?” என்று கேட்டாள். குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். ‘பாதுகாப்பும் நிலைத்தன்மையும் மேம்படுத்தப்பட்டன’, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இன்னொரு நாள் பொறு என்று சொன்னேன். இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.