ஐதரில்லாவுக்கு எல்ஈடி வெளிச்சம்: மூன்று வருடப் பாவனை அனுபவம்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். 2022 கடைசியில் டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடையில் 10 வாட் எல்ஈடி ஃப்ளட் லைட் ஒன்று வாங்கினேன். வீட்டு முற்றத்துக்கு வெளிச்சம் போட விற்கிற சாமான்தான். ஒளிச்செறிவு கூடக் கூட நீர்த்தாவரத்தின் ஒளித்தொகுப்பு வேகம் எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வாங்கினேன். மூன்று வருடத்தில் அந்த விளக்கைவிட எங்கள் ஊர்க் குளிரைப் பற்றித்தான் அதிகம் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் மேசை விளக்கில் 100 வாட் குண்டு பல்ப் போட்டுச் செய்தோம். முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐதரில்லா என்ற நீர்த்தாவரத்தின் கிளையைத் தண்ணீருக்குள் வைத்தே சரிவாக வெட்டி, வெட்டிய முனை மேலே வரும்படி கொதிகுழாயில் விட்டு, விளக்கைக் கிட்டக் கிட்டக் கொண்டுபோய், நிமிடத்துக்கு எத்தனை ஒட்சிசன் குமிழி வருகிறது என்று எண்ண வேண்டும். பல்ப் கிட்ட வரும்போது குமிழி கடகடவென்று ஏறும், வரைபும் அழகாக வரும். ஒரு நாள் குழாய்க்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் 18 பாகை செல்சியஸ். 10 சென்டிமீற்றரில் கொஞ்ச நேரம் வைத்த பிறகு 23. அதுவரை ஒளிச்செறிவால் வந்தது என்று பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த ஏற்றத்தில் ஒரு பங்கு வெறும் சூடு. அது மனதை உறுத்தியதால்தான் எல்ஈடி வாங்கினேன்.

முதல் தடவை ஜனவரி மாதம், காலை எட்டரை மணி. தண்ணீர் 17 பாகை. 40 சென்டிமீற்றரில் நிமிடத்துக்கு 4 குமிழி, 20 இல் 12, 10 இல் 13. தூரம் பாதியானால் ஒளிச்செறிவு நாலு மடங்காகும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நிற்கிறேன், கூடியது ஒரே ஒரு குமிழி. "டீச்சர், லைட்டைக் கிட்ட வச்சாலும் கூடவே மாட்டேங்குதே" என்றாள் ஒரு பிள்ளை.

மறுநாள் கொதிகுழாயைப் பெரிய முகவைக்குள் இறக்கி, கேத்தல் தண்ணீர் கலந்து 25 பாகையில் வைத்துக்கொண்டோம். 40 இல் அதே 4. 20 இல் 15. 10 இல் 26! அந்த வகுப்பை என்னால் மறக்க முடியாது. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது சூடாக்கியும் பயனில்லை, வெளிச்சம் தாராளமாக இருக்கும்போது குளிர்தான் கையைப் பிடித்து நிறுத்துகிறது. தாவரவியலாளர் பிளாக்மன் 1905 இல் சொன்ன எல்லைப்படுத்தும் காரணிகள் (எது மிகக் குறைவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்) என்ற பாடம் எங்கள் மேசையிலேயே நடந்தது. அப்புறம் தண்ணீரில் காபனீரொட்சைட்டு தரும் அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டோம். 10 சென்டிமீற்றரில் 26 இருந்தது 41 ஆனது. அப்படியானால் அந்த இடத்தில் காபனீரொட்சைட்டும் போதாமல் இருந்திருக்கிறது.

கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இதே பரிசோதனையைச் செய்கிறவர்களுக்கு இந்தக் குளிர்த் தொல்லை வராது. மலைநாட்டில் தண்ணீரின் வெப்பநிலையை அளக்காமல் ஒளிச்செறிவுக்கு வரைபு போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும் என்பதால் முதல் சில நிமிடம் குமிழியே வராமலும் இருக்கும். ஒவ்வொரு தூரத்திலும் ஐந்து நிமிடம் விட்டுத்தான் எண்ணத் தொடங்குகிறோம்.

விளக்கில் குறைகளும் உண்டு. அதன் பின்னால் தெறிகண்ணாடி இருப்பதால் தூரம் பாதியானால் ஒளிச்செறிவு நாலு மடங்கு என்ற நேர்மாறு வர்க்க விதி மிகக் கிட்டத்தில் சரியாக வராது. கைபேசி செயலியால் லக்ஸ் அளந்து அதையே வரைபில் போடுகிறோம். ஆனால் லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சையையும் மஞ்சளையும்தான் அது பெரிதாகக் காட்டும். இலைக்கு நீலமும் சிவப்பும்தான் அதிகம் பயன்படும். ஒரே விளக்கை வெவ்வேறு தூரத்தில் வைத்து ஒப்பிடலாம், எல்ஈடியையும் குண்டு பல்பையும் லக்ஸ் பார்த்து ஒப்பிடுவது பிழை.

இரண்டாம் வருடம் ஏப்ரல் மாலை இடியில் உள்ளே இருந்த சர்க்கியூட் எரிந்துபோனது. மாற்றினோம். இப்போது இடி இடிக்கும் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுவேன். தென்மேல் பருவமழைக் காலத்தில் கண்ணாடிக்குள் ஈரம் பூத்து வெளிச்சம் மங்குகிறது, அதனால் போன வருட அளவீட்டோடு இந்த வருடத்ததை அப்படியே ஒப்பிட முடிவதில்லை.

செடியைக் கண்டியில் மீன் கடையில் வாங்கிப் போத்தலில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவேன். அதைப் போலவே தோன்றும் எஜீரியா என்ற செடியையும் ஐதரில்லா என்றே கொடுத்துவிடுவார்கள். இலையை விரலால் தடவிப் பாருங்கள், ஐதரில்லா சொரசொரப்பாக இருக்கும். மிச்சக் கிளைகளை வகுப்பு மீன்தொட்டியில் இதே விளக்கின் கீழ் வளர்க்கிறேன். முதலில் நாளுக்கு 12 மணி நேரம் எரியவிட்டு, கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்தது. 8 மணி நேரமாகக் குறைத்து, விளக்கையும் ஓர் அடி உயர்த்திய பிறகு பாசி அடங்கியது. ஐதரில்லா இன்னும் வளர்கிறது.

இனி இதே விளக்கை வாங்குவேனா என்றால், வாங்குவேன். 2,000 ரூபாய்க்குள் முடிந்த செலவு. கூடவே நல்ல வெப்பமானி ஒன்றும் சன்னலை மூடக் கறுப்புத் துணியும் வேண்டும். குமிழிகளின் பருமன் ஒரே மாதிரி இல்லாததால், அடுத்த தவணையில் மெல்லிய குழாயும் சிரிஞ்சும் பொருத்தி வாயுவின் கனவளவையே அளந்து பார்க்கப் போகிறோம். குழாய் வாங்கியாயிற்று.