ஹட்டனில் நடந்த நுண்கடன் செயலமர்வு: மகளை அனுப்பிப் பார்த்தேன்

நுண்கடன் என்றால் வசதி குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னக் கடன். அதைப் பற்றிய செயலமர்வுக்குத் தரம் 10 படிக்கும் மகளோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இலவசம்தான், மதியம் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார்கள், சம்பல் நல்ல காரம்.

காலைப் பகுதி சுமார். நுண்கடனைப் பிரபலமாக்கிய பங்களாதேஷ் பொருளியலாளர் முகமது யூனுஸ் 1976இல் அங்குள்ள ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டொலர் கடன் கொடுத்தது, 1983இல் ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் கிராமீன் வங்கியைத் தொடங்கியது, 2006இல் நோபல் பரிசு என்று படம் படமாகக் காட்டினார்கள், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

அப்புறம்தான் சூடு பிடித்தது. சோடா மூடிகளைக் காசாக வைத்து ஐந்து பேர் குழுவாகக் கடன் எடுக்கும் விளையாட்டு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். லீக்ஸ் பயிரிடக் கடன் எடுத்த பிள்ளைக்கு மழை அட்டை விழுந்தது, உடனே பக்கத்துப் பிள்ளை தன் மூடிகளைக் கையால் மூடிக்கொண்டாள். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் கடன் அறவிட ஆள் வரும் நாளில் பார்க்கிற முகம் அப்படியே அதுதான்.

கணக்கும் போட்டார்கள்: 50,000 ரூபாய் கடன், கிழமைக்கு 1,200 வீதம் 50 கிழமை. வட்டி 20 வீதம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் முதல் கிழமையிலிருந்தே கடன் தொகையும் குறைந்துகொண்டு வர, வட்டியை மட்டும் முழு 50,000க்கும் கணக்கிடுவதால் உண்மையான வருட வட்டி 38 வீதத்துக்கும் மேலே போகிறது. பலகையில் அதைப் பார்த்ததும் என் பழைய கடன் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது, சரி, விடுங்கள்.

ஒரு குறை, சேமிப்பைப் பற்றியும் நம் தோட்டத்துச் சீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.